தூசியின் பங்கு

2007 நவம்பரில் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆனபோது, சிமெண்ட் ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் ஜெயசித்ராவுக்கு வந்த வேலை மிகச் சிறியது. ஆய்வகத்தின் மாதாந்திர அறிக்கையில் 'பெரம்பலூர் மாவட்டம்' என்று அச்சாகும் வரியை 'அரியலூர் மாவட்டம்' என்று மாற்ற வேண்டும். ஆய்வகத்தின் கணக்கைப் போட்டு அந்த அறிக்கையையும் அச்சிடும் புரோகிராமை மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதியவள் அவளே. திறந்தாள், வரியைத் தேடி மாற்றினாள், சேமித்தாள். மூடுவதற்கு முன் திரையைச் சற்றுக் கீழே நகர்த்தி, நடுவில் இருந்த ஒரு வரியை மட்டும் பார்த்தாள். வெறும் வகுத்தல் அது. மேலே ஓர் எண், கீழே ஓர் எண். அது அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் அவளிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஜெயசித்ரா பிறந்தது மீன்சுருட்டியில். அப்பா முருகையனுக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் முந்திரிக்கொல்லை உண்டு. மூன்று பெண்களில் இவள் நடுப்பெண். 1995இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியதால் அரியலூர் கலைக் கல்லூரியில் கணிதத்தில் சேர்த்துவிட்டார்கள். பட்டம் வாங்கிய பிறகு பெரம்பலூரில் ஓர் உரக்கடையின் மாடியில் நடந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஓராண்டுப் பட்டயப் படிப்புப் படித்தாள். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மாணவர்கள் உட்கார்ந்து எழுதும் அறையில் ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றும்; கம்ப்யூட்டர்கள் இருந்த கண்ணாடி அறையில் மட்டும் ஏ.சி. ஓடும். மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பதால் புரோகிராமை முதலில் காகிதத்தில் எழுதி, வரி வரியாக விரலை வைத்து ஓட்டிப் பார்த்து, அது பிழையில்லாமல் முடிந்த பிறகே கண்ணாடிக் கதவைத் திறக்க அனுமதிப்பார்கள். இந்தப் பழக்கம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எந்த எண் எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவதில் அந்த வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. படிப்பு முடிந்ததும் அங்கேயே சொல்லிக்கொடுக்க நிறுத்திக்கொண்டார்கள்.

2000த்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ராசாங்கம் செந்துறைக்காரன். வேதியியலில் முதுகலை படித்து, அரியலூருக்கு வெளியே இருந்த இந்தச் சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் கெமிஸ்டாக இருந்தான். அதிகம் பேசமாட்டான் என்றாலும் பேசவேண்டியதைப் பேசிவிடுவான். அரியலூரில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு சிறிய வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். சாவி இரண்டு இருந்தது, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு சித்திரையில் யாழினி பிறந்தாள். அதற்கடுத்த ஆண்டு ஆனியில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் பிறந்தபோது அரியலூர் தனி மாவட்டமாக இருந்தது. இறப்பதற்குள் அதைப் பெரம்பலூரோடு மறுபடி சேர்த்துவிட்டார்கள். ஆகவே பிறப்புச் சான்றிதழில் ஒரு மாவட்டமும் இறப்புச் சான்றிதழில் வேறொரு மாவட்டமும் இருந்தன. ஆஸ்பத்திரி என்னவோ ஒன்றுதான். ஜெயசித்ரா அந்த இரண்டு காகிதங்களையும் பீரோவில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பூட்டினாள். காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன பிறகு வீட்டில் யாரும் அழவில்லை. சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், துணி காயப்போட்டார்கள். மகளின் பெயரை மட்டும் இருவரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை.

ஒருநாள் ராசாங்கம், "கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல கான்ட்ராக்ட்ல ஆள் எடுக்கறாங்க. சும்மா வூட்டுலயே இருக்கறதுக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் விண்ணப்பித்தாள், வேலை கிடைத்தது. காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்தரை வரை அவளுக்கு வேலை. அவனுக்கு நிரந்தரமாக இரண்டாம் ஷிஃப்ட். பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடியும். முடிந்தும் அவன் வரமாட்டான். ஷீட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அது முடிய வேண்டும் என்பான். அவன் வீட்டுக்குள் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அடுப்பின்மேல் மூடி வைத்த பாத்திரத்தைப் பார்த்து அவன் சாப்பிட்டானா இல்லையா என்று அவள் தெரிந்துகொள்வாள். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின.

அந்த ஷீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சிமெண்ட் ஆலையின் சூளைக்குள் போகும் கலவையில் சுண்ணாம்பு இவ்வளவு, மணல் சத்து இவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. சுரங்கத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்து வரும் கல்லும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்துச் சோதித்து, எந்தக் கல்லை எவ்வளவு விட வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்ய வேண்டும். அந்தக் கணக்கை ராசாங்கம் எக்ஸெல்லில் ஒரு ஷீட்டாகப் போட்டு வைத்திருந்தான். மூன்று ஷிஃப்டுக்காரர்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் புது எண்களைத் தட்டி என்டரை அழுத்தினால் விடை வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அந்தக் கலவை சூளைக்குள்ளேயே போய்விடும்.

ராசாங்கத்துக்கு இதனால் தொல்லையில்லை. கல்லைப் பார்த்தே ஏறக்குறையச் சொல்லிவிடுவான். மற்றவர்களுக்கு முடியவில்லை. முதல் ஷிஃப்ட் கெமிஸ்ட் நசீருதீன் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். எட்டு ஆண்டு துபாயில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு லேப் மேனேஜரிடம் போய்ச் சொன்னவர் அவர்தான்.

"வெள்ளிக்கிழமை பட்டனை அமுக்கிட்டு ஜும்மாவுக்குப் போனேன் சார். தொழுதுட்டு, ஒரு டீயையும் குடிச்சிட்டு வந்து பாக்கறேன், இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. இந்த ஷீட்டை நம்பி நோம்பு புடிச்சா நான் பெருநாளுக்கும் கஞ்சி குடிக்க முடியாது."

2004 ஆடி மாதம் மேனேஜர் ஜெயசித்ராவைக் கூப்பிட்டார். ஷீட்டில் இருக்கும் ஃபார்முலாக்களை எல்லாம் ஒரு புரோகிராமாக எழுத வேண்டும். என்டர் தட்டினால் உடனே விடை வர வேண்டும் என்றார். பிறகு, மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்திக்கொண்டே சொன்னார்:

"இது வந்துட்டா ரெண்டாவது ஷிஃப்டுக்குத் தனியா கெமிஸ்ட் வேணாம்மா. கன்ட்ரோல் ரூம் ஆளுங்களே தட்டிக்குவாங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். ஒண்ணு, இங்கயே ஜெனரல் ஷிஃப்ட். இல்லேன்னா கடப்பா பக்கம் நம்ம இன்னொரு யூனிட்டு இருக்கில்ல, அங்க ஆள் வேணும். தனியாள் குவார்ட்டர்ஸ் தர்றாங்க. ரெண்டுல ஒண்ணு எழுதிக் குடுன்னு சொல்லியிருக்கேன்."

"என்ன சொன்னாருங்க சார்?"

"உங்க புரோகிராம் முடியட்டும், அப்பறம் சொல்றேன்னாரு. உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னாருங்க சார்" என்றாள் ஜெயசித்ரா. அவன் சொல்லியிருக்கவில்லை.

ஜெனரல் ஷிஃப்ட் என்றால் ஒன்பது முதல் ஐந்தரை வரை. ஒரே பஸ், ஒரே வீடு, மாலை முழுவதும் எதிரெதிரே. கடப்பா என்றால் மாதத்துக்கு ஒருமுறை வருவான். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு எப்படி ஆகும் என்று யோசிக்க அவளுக்கு அறிவு இருந்தது. அவள் கையால் எழுதும் புரோகிராம் முடிகிற அன்றைக்கு அவன் எந்தப் பக்கம் போவான் என்பது தெரிந்துவிடும். இந்த எண்ணத்தோடு தன் இருக்கைக்குத் திரும்பிவந்தவள், பழைய அச்சுத்தாள்களின் பின்பக்கத்தை எடுத்து ஷீட்டின் முதல் செல்லிலிருந்து அம்புக்குறி போடத் தொடங்கினாள்.

தினமும் இரண்டு மணிக்கு அவன் ஆய்வகத்துக்கு வருவான். முதல் மாதிரி வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அவள் தாள்களை எடுத்துக்கொண்டு போய் அவனுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து கேட்பாள்.

"இது எதுக்குங்க, எட்டாவது பத்தி?"

"ஈரம். மழைல நனைஞ்ச கல்லு எடை கூடக் காட்டும்ல. அதைக் கழிக்கணும்."

"பதினொண்ணுலயும் கழிச்சிருக்கு. ரெண்டு தடவை ஆவுதே?"

"அது கல்லு ஈரம் இல்ல. செம்மண்ணு ஈரம்."

"சரிங்க. அப்ப இது?"

அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் பேசிய அளவுக்கு, முந்தைய இரண்டு ஆண்டுகளில் வீட்டில் பேசியது கிடையாது. சுரங்கத்திலிருந்து மாதிரிப் பைகளைத் தூக்கிக்கொண்டு வரும் வீரம்மாள் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏஞ் சார், வூட்டுல பேசி முடியாம இங்க வந்தும் பேசிக்கறீங்களாக்கும்? குடுத்து வச்சவங்க. எங்கூட்டு ஆளு வாயத் தொறந்தா கொட்டாவிதான்."

ராசாங்கம் பையை வாங்கிச் சீட்டைப் பார்த்தான். ஜெயசித்ரா அடுத்த செல்லுக்குப் போனாள்.

வேலை சீராக நகர்ந்தது. ஷீட்டில் ஒரே பெருக்கல் ஏழு பத்திகளில் ஏழு முறை நடந்துகொண்டிருந்தது. அவள் அதை ஒருமுறை செய்து ஒரு பெயரிட்டு வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வரியும் சுரங்கப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்துத் தனக்கு வேண்டிய எண்ணை எடுத்துக்கொண்டிருந்தது. அவள் பட்டியலைத் தொடக்கத்திலேயே ஒருமுறை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, வேண்டியபோது அந்த இடத்திலிருந்து மட்டும் எடுக்கும்படி எழுதினாள். எது முதலில் வேண்டும், எது பிறகு வேண்டும் என்ற வரிசை அம்புக்குறிகளிலிருந்து தானாகவே வந்தது. புரட்டாசிக்குள் முக்கால் மணி நேரக் கணக்கு ஏழெட்டு நிமிடத்துக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே வரவில்லை.

இரண்டு விஷயங்கள் மறித்துக்கொண்டு நின்றன. முதலாவது தூசி. சூளையிலிருந்து பறக்கும் தூசியைப் பிடித்து மறுபடியும் கலவையிலேயே சேர்த்துவிடுவார்கள். ஆகவே கலவையில் என்ன இருக்கிறது என்று தெரியத் தூசியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். தூசியோ அந்தக் கலவையிலிருந்து பறந்தது; ஆகவே தூசியில் என்ன இருக்கிறது என்று தெரியக் கலவையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு செல்களும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நின்றன. ஷீட் ஒரு தோராய எண்ணில் தொடங்கி, இதிலிருந்து அதையும் அதிலிருந்து இதையும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான சுற்றுக்குப் பிறகு நின்றது. இரண்டாவது, பழைய மணிகள். புது மணிக்கு விடை காண, ஜனவரி முதல் தேதியிலிருந்து நடந்துமுடிந்த ஒவ்வொரு மணியையும் ஷீட் முதலிலிருந்து மறுபடி கணக்கிட்டது.

"முடிஞ்சு போனதை ஏங்க திரும்பப் போடணும்? அது மாறப்போறதில்லையே?" என்று கேட்டாள்.

"போடணும். தூசி அங்கேர்ந்துதான வருது" என்றான் ராசாங்கம்.

"சுத்தையாவது குறைக்கலாமா?"

"குறைச்சா சரியா வராது."

வேதியியல் படித்தவன் அவன். அவள் நம்பினாள். சுற்றுகளை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றையும் எப்படிச் சுருக்கலாம் என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

ஆயுத பூஜை வந்தது. ஆலையில் அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. இயந்திரங்களையும் லாரிகளையும் கழுவிப் பொட்டு வைப்பதுபோல, ஆய்வகக் கம்ப்யூட்டருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சரம் சாத்தி, பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. சூளையை மட்டும் நிறுத்த முடியாது. மாதிரியும் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஒருநாள் மற்ற ஷிஃப்டுக்காரர்கள் முந்தைய விகிதத்தையே ஓட்டுவார்கள்; ராசாங்கம் மட்டும் கணக்கைக் கையால் போடுவான்.

மூன்று மணிக்குப் பூஜை. குடும்பத்தோடு வரலாம் என்பதால் ஆய்வகத்தில் கூட்டம் இருந்தது. நசீருதீனும் ஷிஃப்ட் முடிந்து போகாமல், பிள்ளைகளுக்குப் பொரி வாங்கிப்போக நின்றிருந்தார்.

"தங்கச்சி, கம்ப்யூட்டரு நெத்தியில பொட்டோட என்னா அழகா இருக்கு பாரு. வருசம் பூரா இப்படியே வச்சிருந்தா நமக்கும் நிம்மதி" என்று ஜெயசித்ராவிடம் சொன்னார்.

தீபாராதனை முடிந்தபோது வீரம்மாள் மாதிரியின் சோதனைச் சீட்டைக் கொண்டுவந்து ராசாங்கத்திடம் நீட்டினாள். அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். கைக்கு அருகில் பொரி மடித்துக் கொடுத்த காகிதம்தான் இருந்தது. பொரியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு காகிதத்தைத் திருப்பிப்போட்டு எழுதினான். ஜெயசித்ரா அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான்கு வரி. சீட்டில் இருந்த எண்கள் மட்டும். பழைய மணி எதையும் அவன் தேடவில்லை. புதுக் கல்லிலிருந்து வரும் சுண்ணாம்பின் அளவை மேலே எழுதினான். ஒன்றிலிருந்து தூசியின் பங்கைக் கழித்து வந்ததைக் கீழே எழுதினான். வகுத்தான். போனை எடுத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு விகிதத்தைச் சொன்னான். பொரியை வாயில் போட்டுக்கொண்டான்.

அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணிதம் படித்தவளுக்கு அது புரிய நேரம் பிடிக்கவில்லை. இரண்டு தெரியாத எண்கள், இரண்டு சமன்பாடுகள். ஒன்றை இன்னொன்றில் வைத்தால் சுற்று தானாக அவிழ்ந்துவிடும். பள்ளிக்கூடத்துக் கணக்கு. மூன்று வாரமாகச் சுற்றுக்குள்ளேயே நின்றதால் அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் இவனுக்குத் தெரிந்திருக்கிறது. கை தயங்கவே இல்லை. பல நூறு முறை போட்டுப் பழகிய கை அது.

மறுநாள் மேனேஜர் பிளக்கைச் செருகிக் கற்பூரம் காட்டி முடித்த பிறகு, இரண்டு மணிக்கு வழக்கம்போல் முக்காலியில் போய் உட்கார்ந்தாள். தாள்களைக் கொண்டுபோகவில்லை.

"நேத்து கையால போட்டீங்களே."

"ம்."

"பழைய மணி எதையும் எடுக்கல."

"ம்."

"சுத்தவும் இல்ல. ஒரே வகுத்தல்ல முடிச்சிட்டீங்க."

ராசாங்கம் கண்ணாடிக் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தான். பிறகு இன்னொன்றை எடுத்தான். அது ஏற்கெனவே கழுவியது.

"முன்னாடி ஷீட்டும் அப்படித்தான் இருந்துச்சு. மாசத்துக்கு ஒரு ஷீட்டு. என்டர் தட்டினா வந்துடும். இன்னும் துல்லியமா வரும்னு எல்லார்கிட்டயும் சொல்லி மாத்திட்டேன்."

"எப்ப மாத்துனீங்க?"

"யாழினிக்கு அப்பறம்."

அந்தப் பெயரை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், ஒரு மாதத்தின் பெயரைச் சொல்வதுபோல. வெளியே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எடைமேடைக்குத் திரும்பியது. அதன் தூசி ஜன்னல் கண்ணாடியில் படிந்து மெல்லக் கீழே இறங்கியது.

"அது ஓடிக்கிட்டிருந்தா முடியற வரைக்கும் இங்க இருக்கலாம்ல. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றான்.

"நசீர் பாய் ரெண்டு வருசமா திட்டறாரு."

"தெரியும்."

"நான் மூணு வாரமா..."

"தெரியும், சித்ரா."

அவளுக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. ஏமாற்றமும் வரவில்லை. அவன் இங்கே ஷீட்டைச் சுற்ற விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த மாலைகளில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். என்ன ஓடியது என்று ஒன்றுகூட நினைவில் இல்லை.

"எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம் என்னங்க இருக்கு? கணக்குக்கு எது சரியோ அது."

"ரெண்டும் சரிதான். விடை ஒண்ணுதான் வரும்." மூன்றாவது குவளையைத் தொட்டவன் எடுக்காமல் விட்டுவிட்டான். "எடுத்துடு."

அன்றைக்கே எழுதினாள். சுற்று இருந்த இடத்தில் ஒரு வகுத்தல். பழைய மணிகளை மறுபடி கணக்கிடும் பகுதி முழுவதையும் நீக்கினாள். புது மணிக்கு அந்த மணியின் எண்களே போதும். பக்கக் கணக்கில் நீண்டிருந்த புரோகிராம் பாதியாகச் சுருங்கியது. அந்த வரியை அடிக்கும்போது, இதற்குப் பிறகு அவன் எழுதிக் கொடுக்க வேண்டிய காகிதம் மட்டும்தான் பாக்கி என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பயமோ நிம்மதியோ எதுவும் வரவில்லை. ஓர் அடைப்புக்குறி விடுபட்டிருந்தது. அதைப் போட்டாள். ஓடியது.

ஒரு வாரம் ஷீட்டையும் புரோகிராமையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். விடைகள் கடைசித் தசமம்வரை ஒத்துப்போயின. நசீருதீன் என்டரைத் தட்டிவிட்டுப் பழக்கத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தார், திரையைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன தங்கச்சி, எந்திரிச்சு நடக்கக்கூட வுட மாட்டேங்குறியே?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்ள என்ன சொல்றான்? கடப்பாவா?" என்று கேட்டார்.

"தெரியலங்க பாய்."

"கேளேம்மா. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்வான். தான் கேட்டதற்காகச் சொல்லும் ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு மேனேஜர் புரோகிராமை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். அன்றைக்கே ஷீட்டை ஆய்வகக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாலை ஐந்து மணிக்கு ராசாங்கம் கம்ப்யூட்டர் பிரிவின் வாசலில் வந்து நின்றான். ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்தபோதும் அவனுக்கு ஆய்வகத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"ஒரு லெட்டர் அடிக்கணும்."

பிரிவில் எல்லோருக்கும் கடிதம் அடித்துத் தருவது அவள்தான். புதுப் பக்கம் திறந்தாள்.

"சொல்லுங்க."

"லேப் மேனேஜருக்கு."

அடித்தாள். பெறுநர், அனுப்புநர், தேதி. பொருள் என்று அடித்து ஒரு புள்ளியை இட்டு, விசைகளின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். திரையில் கோடு விட்டுவிட்டுத் துடித்தது. அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் மேசைமேல் இருந்த அம்புக்குறித் தாள்களில் ஒன்றை எடுத்துப் பார்த்தான். தூசிக்கும் கலவைக்கும் நடுவே அவள் போட்டிருந்த இரண்டு அம்புகளும் அதில் இருந்தன. வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு வைத்தான்.

"நீயே எதையாவது போட்டுடேன்" என்றான்.

"நான் போட மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க போறதோ இருக்கறதோ, நீங்கதான் சொல்லணும். அப்பறம் நான் பண்ணுனதா ஆயிடும்."

பக்கத்து அறையில் யாரோ அச்சு இயந்திரத்தை இயக்கினார்கள். அது தாளை இழுத்து ஒரு பக்கத்தை முழுதாக அச்சிட்டு முடித்தது.

"உன் பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"அஞ்சே முக்காலுக்கு."

"உக்கார எடம் இருக்குமா?"

"இருக்கும். நம்ம ஸ்டாப்புக்கு முன்னாடியே பாதிப் பேரு இறங்கிடுவாங்க."

"அப்ப ஜெனரல் ஷிஃப்டுன்னே போட்டுடு."

அவள் அடித்தாள். அச்சிட்டுக் கொடுத்தாள். அவன் நின்றபடியே கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு போனான். கணினியை அணைத்து உறையைப் போட்டு மூடினாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவனுடைய முதல் ஜெனரல் ஷிஃப்ட். ஐந்தரைக்கு ஆலை வாசலில் இருவரும் சேர்ந்தேதான் வெளியே வந்தார்கள். பஸ் வந்ததும் அவள் முன்பக்கம் ஏறிப் பெண்கள் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் பின்பக்கம் ஏறினான். வழக்கமாகக் கையில் சரியான சில்லறையை எடுத்து வைத்துக்கொள்வாள், அன்றும் வைத்துக்கொண்டாள். சாலையோரத்து வேப்பமரங்கள் ஆலைத் தூசியால் வெளுத்திருந்தன. கண்டக்டர் பக்கத்தில் வந்தபோது கையை நீட்டினாள்.

"வேணாம்மா. பின்னாடி ஒரு சார் உங்களுக்கும் சேத்து எடுத்துட்டாரு."

கண்டக்டர் நகர்ந்து போனார். ஜெயசித்ரா திரும்பிப் பார்க்கவில்லை. சில்லறையைப் பைக்குள் போடவும் தோன்றவில்லை. மூடிய கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ரயில் நிலைய நிறுத்தத்தில் அவள் முன்வாசலிலும் அவன் பின்வாசலிலுமாக இறங்கினார்கள். தண்டவாளத்தைக் கடந்து வீட்டுக்குப் போகும் சந்தில் அவன் இரண்டடி முன்னால் நடந்தான். பிறகு நடையைக் குறைத்துக்கொண்டான். வாசலில் நின்றதும் இருவரும் வழக்கப்படி அவரவர் சாவியைத் தேடினார்கள். மற்றவர் பக்கத்தில் நிற்க அந்தப் பூட்டை இரண்டு ஆண்டுகளாக யாரும் திறந்ததில்லை. அவளுடைய வலது கை இன்னும் சில்லறையை மூடிக்கொண்டிருந்தது.

அவன் திறந்தான்.